நன்னடத்தை அலுவலரின் அறிக்கை தண்டனையைத் தீர்மானிக்குமா?

கேள்வி: வேலை பார்த்த கடையில் கைப்பேசி திருடிய வழக்கில் என் தங்கை மகனைக் குற்றவாளி என முடிவுசெய்த குற்றவியல் நடுவர், தண்டனையைக் கூறாமல் நன்னடத்தை அலுவலரின் (குற்றவாளியின் பின்னணியை விசாரித்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் அலுவலர்) அறிக்கையைக் கேட்டிருக்கிறார். பையனுக்கு 21 வயது நிறைய ஒரு மாதமே இருக்கிறது. வீட்டுக்கு வரும் அலுவலரிடம் என்ன சொல்வது? அறிக்கையின் நகல் கிடைக்குமா?

பதில்: முதலில் வயதைப் பற்றிய கவலையை விடுங்கள். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், பிரிவு 6-இன்படி, குற்றவாளி என முடிவுசெய்யப்படும் நாளில் 21 வயது நிறையாமல் இருந்தாலே போதும்; ராம்ஜி மிஸ்ஸார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் குற்றம் நடந்த நாளைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதவரை, இந்த வயதினரைச் சிறைக்கு அனுப்ப நினைக்கும் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற்று, நன்னடத்தையில் விடுவிப்பது (சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுவது) ஏன் பொருந்தாது என்பதற்கான காரணங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பிறர் விஷயத்தில் இத்தனை கட்டாயம் இல்லை. (சென்னை மாகாணத்துக்கு இது புதிதல்ல, மத்தியச் சட்டம் வருமுன்பே, 1936-இல், இங்கே தனிச் சட்டம் இருந்தது.)

அலுவலர் திருட்டு நடந்ததா என்று மறுபடி விசாரிக்க வரவில்லை. பையனின் குணம், வளர்ந்த சூழல், படிப்பு, பழகும் நண்பர்கள், வீட்டில் அவனைக் கண்டிக்க ஆள் உண்டா என்பவற்றையே பார்ப்பார், அக்கம்பக்கத்திலும் கேட்பார். ஆகவே ‘பொய் வழக்கு’ என்று அவரிடம் வாதாடுவது வீண். அந்த வாதம் மேல்முறையீட்டுக்கு உரியது. குடிப்பழக்கமோ கடனோ இருந்தால் மறைக்காமல், அதற்கு என்ன செய்துவருகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிணைமுறியில் (ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம்) விடுவிக்க வேண்டுமானால், அவனுக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருப்பதாக நீதிமன்றம் நம்ப வேண்டும் என்று பிரிவு 4 கூறுவதால், குடும்ப அட்டை, புதிய முதலாளியின் கடிதம் போன்றவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

நகலை உரிமையாகக் கேட்க முடியாது. பிரிவு 7 அறிக்கையை இரகசியம் என்கிறது. ஆனால் அதே பிரிவு, அறிக்கையின் சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவிக்கவும், அதுபற்றிச் சான்று அளிக்க அவருக்கு வாய்ப்புத் தரவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பல வழக்கறிஞர்கள் இதைக் கேட்பதே இல்லை என்பது என் அனுபவம். பாதகமான அறிக்கை வந்திருப்பதாகத் தோன்றினால், தண்டனை பற்றிய வாதத்துக்கு முன்பே அதன் சாரத்தைக் கேட்டு மனுப் போடும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

அறிக்கையை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டுமே தவிர, அதற்குக் கட்டுப்பட்டதல்ல. அறிக்கை சாதகமாக இருந்தும் குற்றத்தின் தன்மையைச் சொல்லி மறுக்கப்படலாம். கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிர்ப்பலி ஏற்படுத்திய வழக்குகளில் இச்சலுகை கூடாது என்றே தல்பீர் சிங் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் வழக்கு அந்த வகையன்று. கடைக்காரரின் இழப்பை ஈடுசெய்ய முன்வருவது உதவும். பிரிவு 5-இன்படி நீதிமன்றமே அதற்கு உத்தரவிடவும் முடியும்.

விடுவிக்கப்பட்டால், அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு நன்னடத்தைப் பிணைமுறி இருக்கும். நிபந்தனையை மீறினால் அன்று கூறாமல் விட்ட தண்டனையை நீதிமன்றம் விதிக்கலாம். முதல் மீறலுக்கு 50 ரூபாய்க்கு மிகாத தண்டத்தோடு விடவும் சட்டத்தில் இடமுண்டு என்றாலும், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். தீர்ப்பால் வரும் தகுதியிழப்பைப் பிரிவு 12 நீக்குகிறது. ஆனால் குற்றவாளி என்ற முடிவு அழிவதில்லை என்பதால், வேலை விண்ணப்பத்தில் கேட்டால் வழக்கை மறைக்காமல் குறிப்பிடச் சொல்லுங்கள்.