லூயிஸ், கிளார்க் குழுவும் காட்டுவாத்துக் கறியும்: கேள்வி பதில்

அமெரிக்கப் படை அதிகாரிகளான மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகியோரின் ஆய்வுக் குழு 1804 மே மாதம் புறப்பட்டு, மிசூரி ஆற்றின் வழியே பசிபிக் கரை வரை சென்று 1806 செப்டம்பரில் திரும்பியது. வழியில் அவர்கள் உண்ட காட்டுவாத்து (ஆங்கிலத்தில் goose, பெரும்பாலும் கனடா வாத்து) பற்றி வந்த கேள்விகளுக்கு, அவர்களின் நாட்குறிப்புகளைக் கொண்டு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: காட்டுவாத்துதான் அவர்களின் முக்கிய உணவா?

இல்லை. 1805 ஏப்ரலில் மிசூரிக் கரையில் குளிர்காலத்தைக் கழித்த மாண்டன் கோட்டையிலிருந்து மேற்கே கிளம்பியவர்கள் 33 பேர். நாளொன்றுக்கு நான்கு மான்கள், அல்லது ஓர் எல்க்கும் (பெரிய மானினம்) ஒரு மானும், அல்லது ஒரு காட்டெருமை தேவைப்படுகிறது என்று லூயிஸ் எழுதியிருக்கிறார். நாள் முழுக்கப் படகை இழுத்துக் களைத்த 33 பேருக்கு நான்கைந்து கிலோ எடையுள்ள ஒரு வாத்து எந்த மூலைக்கு?

கேள்வி: கறி சுவையாக இருந்ததா?

எந்த மாதத்துக் கறி என்று முதலில் கேளுங்கள். நாட்குறிப்பில் வாத்து என்ற சொல்லைக் கண்டதும் தேதியைப் பார்க்க வேண்டும். கோடையில் இந்த வாத்துகளின் சிறகிறகுகள் ஒருசேர உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும் வரை சில வாரங்கள் பறக்க முடியாது. 1805 ஜூலை 21 அன்று லூயிஸ் பார்த்தவை அப்படிப்பட்ட வாத்துகள். குஞ்சுகளுக்கும் சிறகு இன்னும் முளைக்கவில்லை. அவருடைய நாய் சீமன் நீரில் பாய்ந்து பலவற்றைப் பிடித்துவந்தது. இளம் வாத்து அருமை, கிழட்டு வாத்து மெலிந்து உணவுக்கு உதவாது என்கிறார் லூயிஸ். குண்டும் வெடிமருந்தும் செலவாகாமல் கிடைத்த கறி அது!

கேள்வி: என்ன மசாலா சேர்த்தார்கள்?

உப்பு. அதுவும் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோய், 1806 தொடக்கத்தில் பசிபிக் கரையில் கடல்நீரைக் காய்ச்சி எடுத்தார்கள். லூயிஸுக்கு அது விருந்து. கிளார்க்குக்கு உப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கேள்வி: வாத்து மரத்தில் கூடு கட்டியதாக நாட்குறிப்பில் வருகிறது. இது கட்டுக்கதைதானே, ஐயா?

கட்டுக்கதை இல்லை. 1805 ஏப்ரலில், உயர்ந்த காட்டன்வுட் (ஆற்றங்கரையில் வளரும் ஒரு மரவகை) மரத்தின் உச்சியில் அடைகாத்திருந்த வாத்தைக் கிளார்க் சுட்டார். கூட்டிலிருந்து ஒரு முட்டையும் கிடைத்தது. தரையிலும் மணல்திட்டிலும்தான் முட்டையிடும் என்று கேள்விப்பட்டிருந்த லூயிஸே வியந்துபோனார். கேள்விப்பட்டதை விட்டுவிட்டுக் கண்டதை எழுதினார். இதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

கேள்வி: நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சவ்வுக்கால் உள்ள பறவை கிளையைப் பற்ற முடியாது. குஞ்சு எப்படி இறங்கும்?

கிளையைப் பற்ற வேண்டிய தேவையே இல்லை. கனடா வாத்து பருந்து, கழுகு போன்றவை கட்டிவைத்த பழைய கூட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நரியும் வெள்ளமும் அங்கே எட்டாது. குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளில் கீழே குதித்துவிடும். எடை குறைவு, உடலெங்கும் மென்தூவி, அதனால் பிழைத்துக்கொள்ளும். இன்றும் இது காணக்கூடிய காட்சி. நேரில் நின்று பார்த்து எழுதியவரை இருநூறு ஆண்டு கழித்துப் பொய்யர் என்பதற்கு முன் பறவையியல் நூல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: மரத்து வாத்து வேறு இனமாக இருக்கலாமே?

இல்லை. அது கனடா வாத்துதான், மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: வாத்தை மட்டுமே தின்று வாழ்ந்தார்களா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ‘பிராண்ட்’ (brant) என்று எழுதியிருப்பது எந்த வாத்து?

ஒரே பறவை இல்லை. சிறிய வாத்து இனங்கள் பலவற்றையும் அவர்கள் அப்படியே அழைத்தார்கள். 1806 மார்ச்சில் பசிபிக் கரையோரக் குளிர்கால முகாமான கிளாட்சாப் கோட்டையில் லூயிஸ் விவரித்த ஒரு ‘பிராண்ட்’ இன்றைய வெண்ணெற்றி வாத்து. பெயரை நம்பாதீர்கள், நிறத்தையும் அளவையும் பற்றிய வரிகளைப் படியுங்கள். தேதியையும் பாருங்கள்.

கேள்வி: சமையல் குறிப்பு தருவீர்களா?

அதைச் சமையல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கடற்கரைக் குளிர்காலத்தில் வாத்து கிடைத்ததா?

பசிபிக்கில் கலக்கும் கொலம்பியா ஆற்றின் கீழ்ப்பகுதியில் அன்னம், வாத்து, தாரா (duck) எல்லாம் போட்ட இரைச்சலில் தூங்கவே முடியவில்லை என்று 1805 நவம்பர் 5 அன்று கிளார்க் எழுதினார். ஆனால் ஒரு குண்டுக்கு ஓர் எல்க் விழுந்தால் கிடைக்கும் கறி எவ்வளவு, ஒரு வாத்து விழுந்தால் எவ்வளவு? வேட்டைக்காரர்கள் எல்க்கைத் தேடிப் போனார்கள். மழை ஓயாததால் அந்தக் கறி அழுகியது. ஏழு வாரம் கழித்து வந்த கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் தின்றது கெட்டுப்போன எல்க் கறி, கெட்டுப்போன மீன், சில கிழங்குகள்.