மதர்போர்டு வர்ற வரைக்கும் மத்ததை எங்க வைக்க?

கேள்வி: அண்ணாச்சி, நான் வள்ளியூர். என் கம்ப்யூட்டர்ல மதர்போர்டு போயிட்டு, வாரண்டில மாத்தக் குடுத்திருக்கேன், வர 3 வாரம் ஆகும்னுட்டாவ. ரைசன் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கட்டில்ல போர்வை மேல கெடக்கு. பாலிதீன் கவர்ல சுத்தி வைக்கலாம்னு பாத்தா, அம்மா அரிசிப் பானைக்குள்ள வையிங்காவ. எது சரி?

பதில்: தம்பி, ரெண்டுமே வேண்டாம். மொதல்ல அந்த போர்வை மேல இருந்து எல்லாத்தையும் எடுத்துரு, ஆனா நேரா போய் தொட்டுராத. உன் பவர் சப்ளைய மூணு பின் பிளக்ல சொருகி, சுவர் ஸ்விட்ச ஆஃப்லயே வச்சுட்டு, அதுல பெயின்ட் இல்லாத ஸ்குரூ மேல ஒரு தடவ கைய வையி. உடம்புல ஏறி நிக்க ஸ்டேட்டிக், அதான் உரசும்போது சேர்ற மின்சாரம், எர்த்து வழியா எறங்கிரும், வீட்டுல எர்த்து ஒழுங்கா இருக்கணும் அதையும் பாத்துக்கோ.

ஆடிக் காத்து உங்க பக்கம் எப்படி அடிக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா, காத்தாடி சுத்துற ஊருலா. வறண்ட காத்துல போர்வை, பாலிதீன், தெர்மகோல் எல்லாத்துலயும் ஸ்டேட்டிக் சீக்கிரம் ஏறும். கையில சுருக்குன்னு அடிச்சது நமக்கு தெரியணும்னா ஏறத்தாழ 3000 வோல்ட்டாவது இருக்கணும், ஆனா சில சிப்புக்கு 100 வோல்ட்டே அதிகம், நமக்கு ஒண்ணுமே தெரியாம அது போயிரும். இல்லன்னா அரைகுறையா அடிபட்டு கொஞ்ச நாள் ஓடிட்டு அப்புறம் படுக்கும். நான் ஒருக்கா ரேமை ஜவுளிக்கடை கவர்ல போட்டு பீரோவுல வச்சிருந்தேன், திரும்ப மாட்டுனப்ப நல்லாத்தான் ஓடுச்சு, ரெண்டு மாசம் கழிச்சு நீல ஸ்கிரீன் வர ஆரம்பிச்சு நாலு நாளா விண்டோஸ மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து, கடைசில அந்த ரேமக் கழத்துனதும்தான் சரியாச்சு. கவர்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா அன்னையில இருந்து கவர்ல வைக்கதே இல்ல.

வேண்டியது வெள்ளி கலர் ஆன்டிஸ்டேட்டிக் பை. ரோஸ் கலர் பை தானா ஸ்டேட்டிக்க உண்டாக்காது, அவ்வளவுதான், வெளிய இருந்து வர்றத தடுக்காது. சர்வீஸ் கடையில கேட்டா பழசு குடுப்பாங்க, கிழிசல் இல்லாம பாத்து வாங்கு.

இப்ப பிராசசர். நீ வச்சிருக்கது ஏஎம்4ங்க சாக்கெட்ல மாட்டுற ரைசனா இருந்தா அடியில 1331 பின்னு இருக்கும், ஒவ்வொண்ணும் தலைமுடி மாதிரி, ஒண்ணு வளைஞ்சா சாக்கெட்ல இறங்காது. ஓரத்த மட்டும் ரெண்டு விரலால புடிச்சு, வெளிச்சத்துல சாய்ச்சு வரிசை வரிசையா பாரு, நேர் கோடா தெரியணும். வாங்குனப்ப வந்த பிளாஸ்டிக் கூடு இருந்தா அதுலயே வையி, அதுக்குன்னு அளவா செஞ்சதுலா. மேல உள்ள, சூட்டக் கடத்துற பேஸ்ட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொடச்சுரு, பின்னு இருக்க பக்கம் ஒழுகவிடாத.

அரிசி வேண்டாம்னு அம்மாகிட்ட பக்குவமா சொல்லு, ஈரம் இழுக்கும்னுதான் அவங்க சொல்லியிருப்பாங்க, ஆனா அதுல உள்ள மாவுத்தூசி ரேம் சொருகுற பல்லுல போயி ஒட்டும், வண்டு வேற. ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்ட போட்டு, மூடி இறுகுற டப்பாவுல வச்சா எறும்பும் பல்லியும் கூட கிட்ட வராது. டப்பாவ வெயில் படாத அலமாரியில வையி, மூணு வாரம் எஸ்எஸ்டில உள்ள டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. கிராபிக்ஸ் கார்டு, அதோட பெட்டி இருந்தா பெட்டியில. ஸ்குரூவ எல்லாம் சின்ன டப்பாவுல போட்டு, எது எங்க உள்ளதுன்னு எழுதி ஒட்டு, எஸ்எஸ்டியோட குட்டி ஸ்குரூ தொலைஞ்சா கிடைக்கது கஷ்டம்.

அப்புறம் அடிக்கடி திறந்து பாக்காத.

போர்டு வந்ததும் அந்த வெள்ளிப் பை மேல வச்சு ஓட்டிப் பாக்காத, பையோட வெளிப்பக்கம் கரண்ட்ட கடத்தலாம், அட்டைப்பெட்டி மேல வையி. மாத்தித் தந்த போர்டுல பயாஸ், அதான் கம்ப்யூட்டர ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற போர்டோட சாப்ட்வேர், பழசா இருந்தா, உன்னோடது 5000 சீரிஸ் ரைசன்னா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது, உடனே பிராசசர் போயிட்டோன்னு பயந்து கழத்தி மாட்டிட்டு இருக்காத, கடைக்காரர்ட்ட பயாஸ் அப்டேட் ஆயிட்டான்னு போர்டு வாங்கும்போதே கேட்டுரு.