வெபினாரா, மீட்டிங்கா? டர்பனிலிருந்து ஒரு கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் நிகழ்ச்சிகளை நடத்திக் கொடுப்பது என் வேலை. நவம்பர் 16 நெருங்குகிறது. 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இங்கே சேர்த்த நாள் என்பதால் ஊரெல்லாம் சொற்பொழிவு ஏற்பாடு. வெபினார் வைப்பதா, மீட்டிங் வைப்பதா என்று கேட்கிறவர்களுக்கு வாட்ஸாப்பில் தனித்தனியாகப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன், அதனால் எல்லாரும் இங்கேயே கேளுங்கள். ஜூமை வைத்துத்தான் சொல்கிறேன். டீம்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதுதான், பொத்தான்கள் வேறு இடத்தில் இருக்கும்.

ஒன்று மட்டும் முதலிலேயே. வெபினாரில் மேடையில் பேசுகிறவர்களுக்கென்று வரும் பேனலிஸ்ட் லிங்க்கை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள்.

கேள்வி (முதுகலை மாணவி, வெஸ்ட்வில்): அக்கா, எங்கள் துறைக் கருத்தரங்குக்கு 80 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு பேர் என்றால் வெபினார்தானே?

பதில்: அவசியமில்லை. தலையை எண்ணி முடிவு செய்வதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. 80 பேர் மீட்டிங்கிலேயே அடங்குவார்கள். 20 பேருக்கு வெபினார் வைப்பதும் உண்டு. வருகிறவர்களில் எத்தனை பேர் வாயைத் திறக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

மீட்டிங்கில் உள்ளே வந்தவர் எல்லாரும் சமம். கேமரா போடலாம், மைக் திறக்கலாம், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், பிரேக்அவுட் அறைகளில் ஐந்தைந்து பேராக உட்கார வைக்கலாம். வெபினாரில் பேனலிஸ்ட்கள் மேடையில், மற்றவர்கள் விளக்கணைத்த அரங்கில். பார்வையாளர் முகம் யாருக்கும் தெரியாது, கூட யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்வையாளருக்கும் தெரியாது. கேள்விப் பெட்டியில் எழுதலாம், கை தூக்கினால் நடத்துபவர் மைக் கொடுக்கலாம். பிரேக்அவுட் அறை கிடையாது.

மூன்று பேர் கட்டுரை வாசித்து, கடைசியில் பத்து நிமிடம் கேள்வி என்றால் வெபினார். மாணவர்கள் குழுவாக விவாதிக்க வேண்டும் என்றால் மீட்டிங். யாரோ மைக்கை மூட மறந்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்குமே என்று பயந்து வெபினாருக்கு ஓடாதீர்கள். உள்ளே வரும்போதே மியூட் ஆகும்படி மீட்டிங்கில் ஓர் அமைப்பு இருக்கிறது.

வெபினார்தான் என்று முடிவானால் இரண்டு விஷயம். அதற்கு உரிமம் தனி. மீட்டிங் வசதி பெரும்பாலும் எல்லா ஊழியருக்கும் இருக்கும், வெபினார் சிலருக்குத்தான். கணினிப் பிரிவில் இரண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். முந்தின நாள் மாலை போய் நின்றால் நானே கதவைத் திறக்க மாட்டேன். அடுத்தது, பார்வையாளருக்குப் போவது ஒரு லிங்க், பேனலிஸ்ட் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சலில் போவது வேறு லிங்க். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பேராசிரியர் தமக்கு வந்த லிங்க்கை ஆசையாகக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். ஆரம்பித்ததும் பார்த்தால் மேடையில் பதினைந்து முகங்கள், பாதிப் பேருக்கு அவர் பெயரே. ஒரு மாமா பனியனோடு உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க்): இலவசக் கணக்கில் இரண்டு மணி நேரக் கருத்தரங்கு நடத்த முடியுமா?

பதில்: 40 நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும், 100 பேருக்கு மேல் இடமும் இல்லை. வெபினார் அதில் கிடையவே கிடையாது.

கேள்வி (தமிழ் வகுப்பு ஆசிரியை, சாட்ஸ்வொர்த்): பல்கலைக்கழகம் எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கதை சொல்லும் வகுப்பு வைத்துத் தருகிறது. எது நல்லது? பதிவு செய்து யூடியூபில் போடலாமா?

பதில்: மீட்டிங்தான் டீச்சர். பிள்ளைகள் கத்த வேண்டாமா? கதை கேட்கிற பிள்ளையை விளக்கணைத்த அரங்கில் உட்கார வைத்தால் ஐந்தாவது நிமிடம் எழுந்து போய்விடும். காத்திருப்பு அறையைப் போட்டு, பெயர் தெரிந்த பிள்ளையை மட்டும் உள்ளே விடுங்கள்.

பதிவு விஷயத்தில் கவனம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போபியா, 2021 ஜூலை 1 முதல் இங்கே கறாராக நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். முகமும் குரலும் தகவல்தான். பதிவு வேண்டும் என்றால் கதை சொல்பவரை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் பதிவுப் படிவத்தை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அதில் மதம் என்று ஒரு கட்டம் எதற்கு? அந்தச் சட்டப்படி அது தனிக் கவனம் வேண்டிய தகவல். கதை கேட்க அது தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 150 பேர் வருவார்கள். எது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சங்கச் செயலாளர், டர்பன்): தங்கச்சி, முகம் தெரியாமல் அது என்ன கூட்டம்? வரலாற்றுத் துறையோடு சேர்ந்து 16ஆம் தேதி குடும்ப வரலாறு பற்றிப் பேச்சு வைக்கிறோம். அவர்கள் வெபினார் என்கிறார்கள். வந்தவரைப் பார்த்து ‘வாங்க’ என்றுகூடச் சொல்ல முடியாத இடத்துக்கு ஆளைக் கூப்பிடுவானேன்?

பதில்: ஐயா, வருத்தம் நியாயம்தான். ஆனாலும் இந்தத் தலைப்புக்கு நான் துறைக்காரர்கள் பக்கம்.

குறுக்கே (மாணவி, ஃபீனிக்ஸ்): மன்னிக்கணும் அக்கா, நடுவில் வருகிறேன். எங்கள் வீட்டில் தமிழ், ஆயா (பாட்டி) காலத்தோடு போய்விட்டது. நான் பெரியவளான பிறகு வகுப்பில் கற்றுக்கொண்டேன். போன வருடம் இப்படி ஒரு மீட்டிங்கில் கேள்வி கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஒருவர் சிரித்தார். அன்றைக்கு மூடிய கேமராவை இன்னும் திறக்கவில்லை. வெபினாரில் பெயர் போடாமல் கேட்கலாம் என்றால் எனக்கு அதுதான் வேண்டும்.

செயலாளர்: சிரித்தவனை அல்லவா திருத்த வேண்டும்? அதற்காக எல்லார் முகத்தையும் மறைப்பதா? பெயரில்லாக் கேள்வி மொட்டைக் கடிதம் மாதிரி. வம்புதான் வரும்.

இன்னொருவர் (ஜோகன்னஸ்பர்க்): ஐயா சொல்வது சரி. எங்கள் வெபினாரில் பெயரில்லாமல் வந்தது பாதி திட்டு.

பதில்: சரி, இதில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன்.

பேச்சு எதைப் பற்றி? குடும்ப வரலாறு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கிற இந்தப் பகுதிக்கு, வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஜாதி, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்க வருகிறவர்களின் மனதில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள் ஐயா. கோவெண்டர் என்ற தன் பெயர் கவுண்டர் என்பதிலிருந்து வந்தது என்று தெரியாத பையன் இருப்பான். தன் கொள்ளுப்பாட்டி புருஷன் துணையில்லாமல், கைக்குழந்தையோடு தனியாக ஏறி வந்தவள் என்று பட்டியலில் பார்த்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கிற பெண் இருப்பாள். ஜாதிப் பத்தியில் இருப்பதைப் படித்துவிட்டு அம்மாவிடம்கூடச் சொல்லாதவர் இருப்பார். இவர்களை 200 முகத்துக்கு முன்னால் மைக்கைத் திறக்கச் சொன்னால் கேள்வியே வராது. “அருமையான உரை, நன்றி” என்று நான்கு பேர் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி எத்தனையோ கூட்டம் நடத்திக் கொடுத்திருக்கிறேன்.

மொட்டைக் கடிதத்துக்கும் மருந்து இருக்கிறது. கேள்விப் பெட்டியில் வருவதை, பதில் சொன்ன பிறகுதான் மற்ற பார்வையாளருக்குத் தெரியும்படி வைக்கலாம். திட்டு வந்தால் அதை நீங்கள் மட்டும் படிப்பீர்கள், ஜோகன்னஸ்பர்க் அண்ணா அந்த அமைப்பைப் பார்க்கவில்லை போல. பெட்டியைப் பார்க்க ஒருவரைத் தனியாக உட்கார வையுங்கள், பேச்சாளர் தலையிலேயே அதையும் கட்டாதீர்கள். கேள்வி ஆங்கிலத்தில் வரும், ஆங்கில எழுத்தில் தமிழாக வரும், இரண்டையும் படிக்கிற ஆளாக இருக்கட்டும்.

‘வாங்க’ என்று சொல்ல ஆசைப்படுகிறீர்கள், அதையும் விட வேண்டாம். பேச்சு முடிந்ததும் அரை மணி நேரத்துக்குத் தனியாக ஒரு மீட்டிங் வையுங்கள். லிங்க்கை வெபினார் சாட்டில் போட்டால், முகம் காட்ட விரும்புகிறவர்கள் அங்கே வருவார்கள்.

செயலாளர்: ஒத்துக்கொள்கிறேன். பேச்சுக்கு வெபினார், அப்புறம் மீட்டிங். ஆனால் சிரித்தவர் யாரென்று அந்த மகள் சொல்லட்டும். எங்கள் சங்கத்து ஆளாக இருந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

பதில்: அது இங்கே வேண்டாம் ஐயா. நேரில் விசாரியுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர், கேப்டவுன்): என் ஆய்வு முன்மொழிவை ஆன்லைனில் சமர்ப்பிக்கிறேன். துறையினர் பார்க்க வருவார்கள் என்பதால் வெபினார் கேட்கவா?

பதில்: வேண்டாம் தம்பி, மீட்டிங். கேட்பவர்கள் உங்களை உலுக்க வேண்டும், நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். குழு தனியாகப் பேசும்போது உங்களைக் காத்திருப்பு அறைக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் மறுபடி கூப்பிடுவார்கள். மறுபடி உள்ளே வரும்போது மைக் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டர்பன்): சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பேச்சாளர்கள். மாலை 6 மணி சரியா?

பதில்: உங்களுக்குச் சரி. சென்னையில் அப்போது இரவு 9.30, கோலாலம்பூரில் நள்ளிரவு 12. சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு வையுங்கள், அங்கே 5.30, 8 என்று இருக்கும். மொரீஷியஸ்காரர்களுக்கு மாலை 4. அழைப்பிதழில் எல்லா ஊர் நேரத்தையும் அச்சடியுங்கள்.

கேள்வி (மாணவர்): டேட்டா எதில் குறைவாகப் போகும்?

பதில்: வீடியோ வந்தால் இரண்டிலும் போகும். வீடியோவோடு குழுக் கூட்டம் என்றால் மணிக்கு ஒரு ஜிபியோ அதற்கு மேலோ எதிர்பாருங்கள். ஒலி மட்டும் என்றால் 30, 40 எம்பியில் முடியும். வெபினாரில் பார்வையாளர் தம் வீடியோவை அனுப்புவதில்லை என்பதால் அந்தப் பங்கு மிச்சம். நடத்துகிறவர்களுக்கு: மாணவர்கள் கைக்காசில் டேட்டா வாங்குகிறார்கள், எல்லாரும் கேமரா போடுங்கள் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். மின்வெட்டு முன்புபோல் இல்லை, ஆனாலும் துணை நடத்துநர் ஒருவரை வேறு பேட்டையிலிருந்து போட்டு வையுங்கள். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருந்தால் இரண்டு பேர் வீட்டிலும் ஒன்றாக இருட்டாகும்.

கேள்வி: சைகைமொழி பெயர்ப்பாளர் வருகிறார். எங்கே சேர்ப்பது?

பதில்: பேனலிஸ்டாக. பார்வையாளர் பட்டியலில் போட்டால் அவர் கை யாருக்கும் தெரியாது. 2023இல் சைகைமொழி இந்த நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி ஆகிவிட்டது, இன்னும் அவரைக் கடைசி நிமிடத்தில்தான் நினைக்கிறோம். ஒத்திகைக்கும் கூப்பிடுங்கள். பேச்சாளரின் ஸ்லைடுகளை இரண்டு நாள் முன்பே கொடுங்கள்.

கேள்வி: 500 பேர் என்றால் வெபினார்தானே?

பதில்: முதல் பதில்.

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்காவில் பிஎச்டிக்கு உதவித்தொகை எப்படி வாங்குவது?

பதில்: நீங்கள் சேரப்போகிற பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவைக் கேளுங்கள். நான் மைக் திறந்து மூடுகிறவள்.

கேள்வி: 300 பேர் வருகிற மாதிரி இருக்கிறது...

பதில்: முதல் பதில். முதல் பதில்.

கேள்வி (வெஸ்ட்வில், முதலில் கேட்ட மாணவி): அக்கா, வெபினார் என்றே முடிவு செய்துவிட்டோம். உரிமமும் கிடைத்தது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே எங்கள் சார் தமக்கு வந்த மின்னஞ்சலை அப்படியே துறைக் குழுவில் போட்டுவிட்டார்.

பதில்: எத்தனை பேர் அந்தக் குழுவில்?

மாணவி: 212.

பதில்: சார் பெயரைப் பேனலிஸ்ட் பட்டியலிலிருந்து இப்போதே நீக்குங்கள். அவருடைய வேறொரு மின்னஞ்சலில் மறுபடி சேருங்கள். குழுவில் உள்ள அந்தச் செய்தியை ‘எல்லாருக்கும் அழி’ கொடுக்கச் சொல்லுங்கள். புது லிங்க் வந்ததும் அவர் ஃபோனை ஒரு நிமிடம் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.