ஆச்சி முன்னால் நடக்கட்டும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று தேவகோட்டையில் இருக்கிறேன். மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அடுத்த வருடம் அவளைப் பார்க்கப் போகும்போது நானும் மனைவியும் கார்ன்வால் கடற்கரையில் ஆறு நாள் நடைப்பயணம் போகலாம் என்று திட்டம். செயின்ட் ஐவ்ஸில் தொடங்கி பென்சான்ஸில் முடியும். வழிகாட்டியோடு குழுவாகப் போனால் செலவு கூடுகிறது. தனியாகப் போனாலும் பெட்டிகளை அடுத்த விடுதியில் பயண நிறுவனத்தாரே சேர்த்துவிடுகிறார்கள். கைபேசியில் வரைபடம் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? அக்டோபர் மாதம் சரியாக இருக்குமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? தினம் 11 கி.மீ. தான் வருகிறது. நான் காலையில் 8 கி.மீ. நடக்கிறவன். மனைவிக்கு முட்டி வலி உண்டு, முடியாத நாளில் அவள் பஸ்ஸில் வந்துவிடலாம். “காசு கொடுத்து நடக்கப் போறீகளா” என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நம் பக்கம் நடக்க என்ன இருக்கிறது? கடல் என்று போனாலும் சேறும் சீமைக்கருவேலமும்தான். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

மெ., தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் பழனி போன காவடிகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியில் நின்று நடைக்காரர்களைப் பார்த்ததிலிருந்தே எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் போனது. அப்பாவும் இரண்டு பையன்களும் கைக்கடிகாரத்தில் காலடிக் கணக்கைப் பார்த்தபடி விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார்கள். வெகுநேரம் கழித்து அந்த வீட்டு அம்மா வந்தார். கையில் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலும் இருந்த பை. ஒரு காலைச் சாய்த்து வைத்து நடந்தார். என்னிடம், “சிவப்புச் சட்டை போட்ட பையன் இந்தப் பக்கம் போனானா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போவதற்குள் உங்கள் கடிதத்தில் ‘அவள் பஸ்ஸில் வந்துவிடலாம்’ என்ற வரியைப் படித்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். சைவச் சாப்பாடு கிடைக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தேன்குழலும் சீப்புச் சீடையும் பருப்புப் பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள். நெய், பால்கோவா வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை இங்கிருந்து அங்கே கொண்டுபோக அனுமதி இல்லை. அக்டோபர் வேண்டாம். பகல் சுருங்கும், மழையும் காற்றும் கூடும், பஸ்ஸும் குறையும். மே, ஜூன் நல்ல மாதங்கள். மே மாதத்தில் பாறை விளிம்பெல்லாம் இளஞ்சிவப்புப் பூ பூத்திருக்கும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மெதுவாக நடக்கிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. சொந்தக்காரர்கள் சிரிப்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் எதற்குத்தான் சிரிக்கவில்லை?

இப்போது உங்கள் 11 கி.மீ. கணக்குக்கு வருகிறேன். வங்கியில் இருந்தவர் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டியிருக்கிறீர்கள். தேவகோட்டையில் நடப்பது சமதரையில். நீங்கள் போகப்போகும் பாதை மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுகம் வரை 1014 கி.மீ. போகிறது. அதன் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர். சராசரி போட்டால் உங்கள் 11 கி.மீ.க்குள் 380 மீட்டர் ஏற வேண்டும், ஏறினதையெல்லாம் இறங்கவும் வேண்டும். முட்டி வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி.

அந்தப் பாதை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது உல்லாசத்துக்குப் போட்ட பாதை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம் அது. ஒவ்வொரு சின்னக் குடாவுக்குள்ளும் எட்டிப் பார்த்தால்தான் அங்கே படகு ஒதுங்கியிருக்கிறதா என்று தெரியும். அதனால் பாதை குறுக்கே வெட்டிப் போகாமல் கரை வளைகிற இடத்திலெல்லாம் தானும் வளைந்து, பள்ளத்தில் இறங்கி, மறுபடி மேட்டில் ஏறுகிறது. அழகும் அதனால்தான், களைப்பும் அதனால்தான்.

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது திடகாத்திரமான ஆளுக்கு, உட்காராமல் நடந்தால். உங்கள் முதல் நாள் செயின்ட் ஐவ்ஸிலிருந்து ஜென்னர் வரை. அந்த முழுப் பாதையிலேயே கடினமான பகுதிகளில் ஒன்று அது. பாறைகளின் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும், நடுநடுவே சதுப்பு. நெய்ஸ்மித் கணக்கை இரண்டால் பெருக்கி, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதாவது பயணத்தின் முதல் நாள் சாயங்காலமே உங்கள் வீட்டு ஆச்சிக்கு, அதாவது உங்கள் மனைவிக்கு, முட்டி வீங்கும், இரண்டாம் நாள் நீங்கள் சொன்ன பஸ் வந்துவிடும். மீதி நாளெல்லாம் அவர்கள் விடுதிச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் சாயங்காலம் வந்து படம் காட்டுவீர்கள். இதற்கா இரண்டு பேருக்கு விசா எடுக்கிறீர்கள்?

வழிகாட்டி எதற்கு என்று கேட்டீர்கள். எனக்கு அதைச் சொல்ல நத்தம் சாலைதான் ஞாபகம் வருகிறது.

நான் இளவட்டமாக இருந்தபோது எங்கள் ஊரிலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தை ஒரு பெரியவர் அழைத்துப் போவார். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று 150 கி.மீ. அளவுக்கு நடை. வழி எல்லோருக்கும் தெரியும். பல நூற்றாண்டாக நகரத்தார் காவடி போகிற சாலை, அதில் வழி தவற யாராலும் முடியாது. ஆனாலும் அவர் இல்லாமல் எங்கள் ஊர்க் கூட்டம் கிளம்பாது. அவர் என்ன செய்வார்? முன்னால் நடக்க மாட்டார். கூட்டத்தின் கடைசியில், எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டு வருவார். யார் குதிகாலை ஊன்றாமல் நடக்கிறார்கள், யார் பேச்சை நிறுத்திவிட்டார்கள், யார் தண்ணீர் வேண்டாம் என்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரவு தங்கல் போட்டதும் டார்ச் லைட்டோடு வந்து ஒவ்வொருவராகக் காலை நீட்டச் சொல்வார். கட்டைவிரலால் உள்ளங்காலை ஓரமாக அழுத்திப் பார்ப்பார். சிவந்த இடத்தில் விரல் பட்டதும் நாம் காலை இழுத்துக்கொள்வோம். “இது நாளைக்குக் கொப்புளம்” என்பார். மடியிலிருந்து விளக்கெண்ணெய்ச் சீசாவை எடுத்து அவரே தடவிவிடுவார். வயதில் மூத்தவர், அவர் நம் காலைத் தொடுகிறாரே என்று கூச்சமாக இருக்கும். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்.

ஒரு வருடம் எங்களோடு ஓர் ஆச்சி வந்தார்கள். முட்டி தேய்ந்துபோனவர்கள், வேண்டுதல் பாக்கி. சிங்கம்புணரியைத் தாண்டியதும் அவர்கள் பின்தங்க ஆரம்பித்தார்கள். எங்களில் ஒருவன், கூட வருகிற மாட்டு வண்டியில் ஆச்சியை ஏற்றிவிடலாமே என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். உங்களைப் போலவே. பெரியவர் நின்றார். ஆச்சியைக் கூப்பிட்டுக் கூட்டத்தின் தலைமாட்டுக்குக் கொண்டுபோனார். “இன்னைக்கு ஆச்சி முன்னாடி போவாக. அவுக நடக்கிற நடைதான் எல்லாருக்கும் நடை. தாண்டிப் போறவன் தனியாப் போய்க்கலாம்” என்றார்.

யாரும் தாண்டவில்லை. முதலில் எங்களுக்குக் கால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் ஒன்று நடந்தது. பின்னால் இருந்தவரை அந்த ஆச்சி எல்லோரையும் எட்டிப்பிடிக்க ஓட்டமும் நடையுமாக வந்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்ததும் அவர்களுக்கு யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. ஒரே சீராக நடந்தார்கள், உட்காரவே இல்லை. பொழுது சாய்வதற்குள் நத்தம் போய்விட்டோம். வேகமாக நடந்து, மரத்தடியில் படுத்து, மறுபடி வேகமாக நடந்த வேறு கூட்டத்துப் பையன்கள் எங்களுக்குப் பிறகுதான் வந்தார்கள்.

இதை நான் நீட்டிச் சொல்கிறேன் என்று தெரிகிறது. இன்னும் சொல்வேன். குழுவில் கடைசியில் வருகிறவருக்கு எப்போதுமே ஓய்வு கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? முன்னால் போனவர்கள் ஒரு திருப்பத்தில் நின்று இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், “சரி, வந்தாச்சு, கிளம்பலாம்” என்பார்கள். அதிகம் களைத்தவருக்குத்தான் அந்த ஓய்வு கிடைக்காமல் போகிறது. நாள் முழுக்க இப்படியே நடந்தால் சாயங்காலம் அவருக்கு ஜுரம் வராமல் என்ன செய்யும்? நல்ல வழிகாட்டி உடைப்பது இதைத்தான். உங்கள் கைபேசி வரைபடத்துக்கு ஆச்சி பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பது தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் முன்னால் போயிருப்பீர்கள்.

ஆகவே வழிகாட்டிக்குக் காசு கொடுங்கள். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முதலுதவிப் பயிற்சி உண்டா? ஒரு நாள் நடையைப் பாதியில் முடித்துக்கொள்ள இடம் இருக்கிறதா? குழுவில் ஒருவர் மெதுவாக நடந்தால் வழிகாட்டி என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்கு ‘அவருக்கு டாக்சி ஏற்பாடு செய்வோம்’ என்று மட்டும் பதில் வந்தால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். ஆறு நாள் முழுவதும் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பென்சான்ஸில் ஒரே விடுதியில் தங்கி, தினம் ஒரு துண்டு நடந்துவிட்டுத் திரும்பலாம். ஜென்னர் துண்டை விட்டுவிடலாம். அதை நடக்காவிட்டால் குடி முழுகிப் போகாது. காப்பீடு கட்டாயம் எடுங்கள். பாறையில் மாட்டிக்கொண்டால் 999 அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்கலாம், அவர்கள் மீட்பதற்குப் பணம் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் உங்களைப் போல வந்துபோகிறவர்களுக்குக் கட்டணம் உண்டு.

‘நம் பக்கம் நடக்க என்ன இருக்கிறது’ என்ற வரிக்கும் உங்களைச் சும்மா விடுவதாக இல்லை. காலைப் பலகாரம் சாப்பிட்டு திருவாடானை வழியாக பஸ் ஏறினால் மதியத்துக்குள் தொண்டி. வங்கியில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் கரையில் ஒரு சாயங்காலம் நடந்திருக்கிறீர்களா? பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், எதிரே இலங்கை அணைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் கார்ன்வாலில் அட்லாண்டிக் மோதுகிற மாதிரி இங்கே மோதாது. நீங்கள் சேறு என்று சொல்கிற ஆழமில்லாத அடிமண்ணில்தான் கடற்புல் வளர்கிறது. அந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடல்பசு உயிர் வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022 செப்டம்பரில் ஆவுளியாவுக்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது, வனத்துறை படகு விடுகிறது. தேவிபட்டினத்தில் நவகிரகக் கற்களான நவபாஷாணம் கடலுக்குள்ளேயே நிற்கிறது. உப்பூர் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினம் வழியாக நம் ஆட்கள் ராமேசுவரத்துக்குப் போனது இந்தக் கரையை ஒட்டித்தான். கரையெல்லாம் கருவேலம் மண்டியிருப்பது உண்மை. இங்கிலாந்தில் கரையோரம் மக்கள் நடப்பதற்கென்று 2009இல் சட்டமே போட்டார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்கக்கூட நாம் ஆட்கள் இல்லை, ஏனென்றால் நாம் கரையில் நடப்பதே இல்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த மாதமே ஆச்சியை ஒரு நல்ல எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் சரி என்றால் மட்டும் மற்றது. இரண்டு பேருக்கும் கணுக்கால் பிடிக்கிற காலணி வாங்கி, இங்கேயே போட்டுத் தேயுங்கள். புதுக் காலணியோடு விமானம் ஏறாதீர்கள். நடைக்கோல் இரண்டிரண்டாக வாங்குங்கள், இறக்கத்தில் முட்டிக்கு விழுகிற பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். முதலில் தொண்டிக் கரையில் மணலில் நடந்து பழகுங்கள். அப்புறம் குன்றக்குடிப் படி. கடைசியாக, முடிந்தால், பிரான்மலையில் தர்கா வரை ஏறி இறங்குங்கள். எல்லா இடத்திலும் ஆச்சி முன்னால், நீங்கள் பின்னால். கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் எல்லாமே ‘நான்’, ‘என் திட்டம்’. ஆச்சிக்கு இந்தப் பயணத்தில் ஆசை இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. இதை அவர்களிடம் முழுதாக வாசித்துக் காட்டுங்கள், திட்டுகிற இடங்களை விடாமல். போவதா வேண்டாமா, எத்தனை நாள், எந்த ஊரில் தங்கல் என்பதை அவர்கள் சொல்லட்டும். அதற்குப் பிறகு முன்பணம் கட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணன்