ஜங்க் ஃபோல்டரில் 14 என்று காட்டுகிறது, திறந்தால் காலி. எப்படிச் சரிசெய்வது?

தண்டர்பேர்ட் மெயில் மென்பொருளில், வேண்டாத மெயில் போய் விழுகிற ஜங்க் ஃபோல்டர் பக்கத்தில் 14 என்று நிற்கிறது, உள்ளே ஒரு மெயில்கூட இல்லை என்கிறீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டராகத்தான் இருக்கும். நாலு பேர் கை வைக்கிற மெஷினில்தான் இது மாதக்கணக்கில் கவனிப்பார் இல்லாமல் கிடக்கும். இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். நான் தள்ளிப்போட்டு அனுபவித்தவள்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் கணக்கும் மெயிலும் என் பொறுப்பு. எங்கள் ஜங்கில் 23 என்று நின்றது. ஒரு மழை நாளில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, மெஷின் பட்டென்று அணைந்ததில் இருந்து அப்படி. திறந்தால் ஒன்றும் இருக்காது. நானும் பழகிவிட்டேன்.

ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக இறங்குகிற நேரம். புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, 23 இருந்தது 24 ஆயிடுச்சே, பாக்கட்டுமா?" "அது பொய்க் கணக்கும்மா, விடு" என்றேன். அந்த 24-ஆவது மெயில் உண்மையானது. வெளிநாட்டில் ஒருவர் கூழ் சாம்பிளும் பிரிக்ஸ் (இனிப்பு அளவு) ரிப்போர்ட்டும் கேட்டு எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அதற்குள் அவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். முதலாளி என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டாள், நான்தான் அடக்கினேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் கம்ப்யூட்டரையே ஃபார்மேட் செய்ய வேண்டும் என்றார், போக வர செலவு தனி. அவர் வருவதே ஓசூரில் இருந்து பஸ்ஸில். 2004-லேயே தருமபுரியில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனோம், இன்னும் மாவட்டத் தலைநகரில் ஒரு ரயில் நிலையம் கிடையாது. எத்தனை தேர்தலில் கேட்டுவிட்டோம்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எதற்கெடுத்தாலும் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் க்விக் ஃபில்டர் ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மெயில்களை மறைத்துக் காட்டும். அது இல்லையென்றால் ஜங்க் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், அதில் ரிப்பேர் ஃபோல்டர். எங்களுக்கு அதிலேயே தீர்ந்தது. மெயில்கள் ஒரு கோப்பில் இருக்கும், அவற்றின் பட்டியலும் எண்ணிக்கையும் எம்எஸ்எஃப் என்று முடியும் இன்னொரு கோப்பில் இருக்கும். சரக்கு குடோனில், கணக்கு லெட்ஜரில் என்கிற மாதிரி. மெஷின் திடீரென்று அணைந்தால் லெட்ஜர் தப்பாகிவிடும். ரிப்பேர் என்பது குடோனைத் திரும்ப எண்ணி லெட்ஜரைப் புதிதாக எழுதுவது.

அதிலும் போகவில்லையென்றால் தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு, ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் (தண்டர்பேர்ட் உங்கள் மெயில்களைச் சேமித்து வைக்கும் இடம்) அந்த மெயில் கணக்குக்கு உரிய இடத்தில் ஜங்க் எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் அழியுங்கள். திரும்பத் திறந்தால் அதுவே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்ற வால் இல்லாமல் வெறும் ஜங்க் என்று ஒன்று இருக்கும். அதில்தான் மெயிலே இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். அழிப்பதற்கு முன் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐமேப் கணக்கு (மெயில் சர்வரிலேயே இருக்கும் வகை) என்றால் பிரவுசர் வழியாகவும் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். சர்வரில் இருப்பதுதான் உண்மையான எண்ணிக்கை. ஜிமெயிலாக இருந்தால் ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

"இந்தக் காலத்தில் யார் தண்டர்பேர்ட் வைத்திருக்கிறார்கள், போனிலேயே பார்க்கலாமே" என்று சிலர் எழுதுவீர்கள். பார்க்கலாம். பல வருட ஏற்றுமதி மெயில்களும் இன்வாய்ஸ்களும் ஒரே மெஷினில், நெட் இல்லாதபோதும் தேடக் கிடைக்க வேண்டிய எங்களுக்கு இதுதான் ஒத்துவருகிறது. மென்பொருள்மீதும் நான் குறை சொல்லவில்லை. கரண்ட் போனால் எந்தக் கோப்பும் பாதியில் நிற்கும்.

எங்கள் யுபிஎஸ் பேட்டரியை மாற்றிவிட்டோம். தினமும் காலையில் ஜங்க் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது இப்போது அந்தப் பெண்ணின் பொறுப்பு. ரிப்பேர் செய்தும் உங்களுக்கு 14 திரும்பி வந்தால் பாப் கணக்கா (மெயிலை மெஷினுக்கு இறக்கிக்கொள்ளும் வகை) ஐமேப்பா என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.