காலடி ஓசை ஏன் பொய்யாகக் கேட்கிறது?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். நாயகன் நடக்கும்போது காலடி ஓசை சுத்தியல் தட்டுவதுபோல இருக்கிறது. நாற்பது வகைத் தரைகளின் ஓசை அடங்கிய தொகுப்பை வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு நடையில் இருக்கிறது. முகவர் விற்பதோ தரையை.

பக்கத்து அறையில் யாரோ நடப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். வருவது யார், அவசரமா, சோர்வா என்பதுதான் முதலில் தட்டுப்படும். லீ, லோகன், பஸ்டோர் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஓசையை மட்டும் கேட்டவர்கள் நடந்தவர் ஆணா பெண்ணா என்பதைக் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே சொன்னார்கள். தரை விஷயத்தில் காதுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. சரளை, சருகு, பனி என நொறுங்கும் பரப்புகளை உடனே பிடித்துவிடும். மரம், சலவைக்கல், சிமெண்ட் என்று கெட்டித் தரைகளுக்குள் போனால் தடுமாறும். நாற்பது தரைக்குப் பணம் கொடுப்பீர்கள்; அவற்றில் பல, ஆடுபவருக்கு ஒன்றுபோலவே கேட்கும்.

ஒரு காலடி ஒற்றைச் சத்தம் அன்று. குதிகால் மோதும், பாதம் உருளும், முன்பாதம் அழுந்தித் தள்ளும். தரை தாங்கும் விசையை வரைபடமாக வரைந்தால், ஒட்டகத் திமில் போல இரண்டு மேடுகள் தெரியும். இயல்பான நடையில் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடிகள். வேகம் கூடினால் குதிகால் ஓசைக்கும் முன்பாத ஓசைக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும். உங்கள் விளையாட்டில் ஒரே கோப்பு ஒலிக்கிறது. ஓடும்போது அதே கோப்பு நெருங்கி ஒலிக்கிறது. சுத்தியல் வேறெப்படிக் கேட்கும்?

செய்ய வேண்டியது இதுதான். நீங்களே நடந்து பதிவு செய்யுங்கள்: இடது காலுக்குப் பத்து, வலது காலுக்குப் பத்து. குதிகாலையும் முன்பாதத்தையும் தனித்தனியாக வெட்டி வைத்து, நடையின் வேகத்துக்கேற்ப இடைவெளி விடுங்கள். ஒரே பதிவு அடுத்தடுத்து இருமுறை வரக் கூடாது. பாதம் திரையில் தரையைத் தொடும் கணத்தோடு ஓசையைக் கட்டுங்கள். சற்றுப் பிந்தினால் மன்னிப்பு உண்டு, முந்தினால் கிடையாது: ஒலிபரப்புக்கான பன்னாட்டுப் பரிந்துரை, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் உணர்வார், பிந்தினாலோ ஏறக்குறைய 125 மில்லி விநாடி வரை உணர மாட்டார் என்கிறது.

ஓசையைக் கணக்கிட்டே உருவாக்கும் மென்பொருளும் இருக்கிறது. சரளையை எண்ணற்ற குட்டி மோதல்களாகக் கருதிச் செயற்கையாக உருவாக்கும் வழியைக் கணினி இசை ஆய்வாளர் பெர்ரி குக் 1997-லேயே காட்டினார். நல்ல வழிதான், ஆனால் அதற்குள்ளும் நடையின் தாளத்தை நீங்கள்தான் ஊட்ட வேண்டும்.

இப்போது முகவருக்கு வருகிறேன். 'ஐந்நூறு காலடிகள்' என்று விற்கும் தொகுப்பைத் திறந்து பார்த்திருக்கிறேன். இருபது முப்பது பதிவுகளைச் சுருதி ஏற்றி இறக்கிப் பெருக்கியிருந்தார்கள். கோப்புகளின் அலைவடிவங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: சிறு சிராய்ப்புகளெல்லாம் அதே வரிசையில் வந்தால், ஒரே அடிக்குத்தான் பலமுறை விலை கொடுக்கிறீர்கள். அறையின் எதிரொலி ஒட்டிய பதிவையும் தொடாதீர்கள், கழுவினாலும் போகாது. பதிவு செய்தவர் யார், மறுவிற்பனை உரிமை யாரிடம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'ஒருமுறை பணம் கட்டினால் போதும்' என்றால் நிபந்தனையே இல்லை என்று பொருளாகாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும்: படிக்கட்டு. குதிகால் முதலில் என்றேன் அல்லவா? படி இறங்கும்போது பெரும்பாலும் முன்பாதம்தான் முதலில் தொடும், குதிகால் பிறகு அமரும். ஏறும்போதும் பலர் முன்பாதத்தையே ஊன்றுகிறார்கள். குதிகால் படியைத் தொடாமலே போகலாம். எனவே சமதரைப் பதிவைப் படிக்கட்டில் ஒட்டினால் வரிசை தலைகீழாகிவிடும். அதோடு, இறங்கும் அடி கனமாக விழும்; ஏறும் அடியில் உரசலும் உந்தலும்தான் அதிகம். கடைசிப் படியிலிருந்து தரைக்கு வரும் அந்த ஓர் அடிக்குத் தனிப் பதிவே வையுங்கள். பெரிய தயாரிப்புகளில்கூட இதை விட்டுவிடுகிறார்கள். ஒலிக்காரரை வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அழைத்தால் வேறென்ன நடக்கும்? படத்துக்கு ஆண்டுக்கணக்கில் நேரம், ஒலிக்கு மிச்சம் மீதி! பயிற்சி வகுப்புகளும் மென்பொருள் பொத்தான்களைத்தான் காட்டுகின்றன, நடந்து பார்க்கச் சொல்வதில்லை. படங்களுக்கு ஓசை சேர்த்த ஹாலிவுட்டின் ஜாக் ஃபோலி காலத்திலிருந்து இன்றுவரை, அவர் பெயராலேயே 'ஃபோலி கலைஞர்கள்' என்று அழைக்கப்படுபவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு காலணி மாட்டி நடக்கிறார்கள். பனியில் நடக்கும் ஓசைக்குத் தோல் பையில் சோளமாவைக் கட்டி அமுக்குகிறார்கள்.

முகவர் மறுபடி அழைத்தால், இடது காலுக்கும் வலது காலுக்கும் தனித்தனிப் பதிவு உண்டா என்று மட்டும் கேளுங்கள்.