காந்தப்புலம் கொடுத்தால் எதிர்ப்பெரோகாந்த ஒழுங்கு குலையாதா?

கேள்வி: எதிர்ப்பெரோகாந்தத்தில் அயல் ஸ்பின்கள் (அணுக்களின் நுண்காந்தங்கள்) எதிரெதிர்த் திசையில் நிற்கும். வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி ஒழுங்கு குலையத்தானே வேண்டும்? சில பொருட்களில் புலம் கொடுத்த பிறகுதான் ஒழுங்கே வருகிறது என்று படித்தேன். எப்படி?

திருகோணமலையில் நான் எடுக்கும் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் ஒரு பிள்ளை இதையேதான் கேட்டது. பாதி சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு சரியாக வரும் பொருள் ஒன்று. எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் மணல் கறுப்பாக இருக்கும். அதில் பெரும்பங்கு இல்மனைற்று. அங்கிருந்து வரும் மாணவி ஒருத்தி சின்னப் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து தந்தாள். பழுதான ஹார்ட் டிஸ்க்கில் கழற்றிய காந்தத்தைத் தாளுக்கு அடியில் பிடித்தால் கறுப்பு மணிகள் மெல்ல ஊர்ந்து வரும். இரும்புத்தூள் மாதிரி முள்ளுமுள்ளாக எழுந்து நிற்காது. அறை வெப்பநிலையில் இல்மனைற்றின் ஸ்பின்களுக்கு ஒழுங்கு இல்லை. சுமார் 55 கெல்வினுக்குக் கீழே குளிரவைத்தால் வரும்: ஓர் இரும்புப் படையின் ஸ்பின்கள் எல்லாம் ஒரு பக்கம், அடுத்த படையில் எதிர்ப்பக்கம். 1930களில் லூயி நேயல் விளக்கிய, 1970இல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த எதிர்ப்பெரோகாந்தம் இந்த வகைதான். இதற்குப் போதிய வலிமையுள்ள புலம் கொடுத்தால் ஒழுங்கு குலையும்.

இனி நீங்கள் படித்த வகை. தாலியம் செப்புக் குளோரைட்டை எடுங்கள். இதில் செப்பு அயன்கள் சோடி சோடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஸ்பின் அரை. சோடிக்குள் பிணைப்பு வலுவானது, எதிரெதிராக நிற்கச் சொல்வது.

பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில். “ஒன்று மேலே, மற்றது கீழே” என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறோம். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் கீறினேன். அந்தப் படம் பிழை. சோடியின் மிகத் தாழ்ந்த சக்திநிலையில் ‘மேல்-கீழ்’, ‘கீழ்-மேல்’ இரண்டும் எதிர்க்குறியோடு சம அளவில் கலந்திருக்கின்றன. மொத்த ஸ்பின் பூச்சியம். இரண்டில் எந்த அயனைத் தனியே அளந்தாலும், எந்தத் திசையில் அளந்தாலும், சராசரி பூச்சியம்தான். இதை ஒற்றை நிலை என்போம். தனித்தனி ஸ்பின்னுக்கென்று ஒரு திசையே இல்லாதபோது எதை வரிசைப்படுத்துவது? அதனால் இந்தப் பளிங்கைத் தனிப்பூச்சியம் வரை குளிரவைத்தாலும் காந்த ஒழுங்கு வராது.

ஒற்றை நிலைக்கு மேலே, ஓர் இடைவெளி தாண்டி, மொத்த ஸ்பின் ஒன்றாக உள்ள மும்மை நிலை இருக்கிறது. இடைவெளி சுமார் 0.65 மில்லி இலத்திரன்வோல்ற்று. புலம் கொடுத்தால் மும்மை நிலை மூன்றாகப் பிரியும். புலத்தோடு ஒத்துப்போகும் ஒன்று நேர்கோட்டில் கீழே இறங்கும், டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 0.12 மில்லி இலத்திரன்வோல்ற்று வீதம். அது ஒற்றை நிலையைத் தொடும் புலம் எவ்வளவு? அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளை இரண்டையும் வகுத்து 5.4 டெஸ்லா என்று பலகையில் எழுதிவிட்டு, “சேர், அளந்து பார்த்தவர்களுக்கும் இதுதானா வந்தது?” என்று கேட்டது. 5.5 அளவில் வந்தது என்றேன். ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ இயந்திரம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய புலம் என்று விளங்கும்.

அந்தப் புலத்தில் இடைவெளி மூடுகிறது. மும்மை நிலை ஒரு சோடியிலிருந்து பக்கத்துச் சோடிக்குத் தாவக்கூடியது. எனவே ஒவ்வொரு சோடியும் ஒற்றை நிலையும் மும்மை நிலையும் கலந்த புதிய நிலைக்குப் போகிறது. அந்தக் கலவையில் முதல்முறையாக இரண்டு ஸ்பின்களுக்கும் திசை கிடைக்கிறது: புலத்துக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று எதிராக. புலத்தின் பக்கம் சிறு சாய்வு மட்டும். செங்குத்துத் தளத்தில் எந்தப் பக்கம் என்பதைப் புலம் தீர்மானிப்பதில்லை. பளிங்கு முழுவதும் ஒன்றுசேர்ந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இது.

மும்மை நிலைகள் போசோன்கள் (எத்தனையும் ஒரே நிலையில் சேரக்கூடிய துகள்கள்) போல நடப்பதால், இதைப் போஸ்-ஐன்ஸ்டீன் ஒடுக்கமாகவே, அதாவது அவை பெருந்தொகையாக ஒரே நிலையில் சேர்வதாகவே கணக்கிடலாம். 2000இல் நிகுனி, ஒஷிகாவா, ஊசாவா, தனாக்கா நால்வரும் தாலியம் செப்புக் குளோரைட்டுக்கு அதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் விளக்கவேண்டியிருந்த அளவீடு விசித்திரமானது. 5.5 டெஸ்லாவைத் தாண்டிய ஒரு புலத்தில் வைத்துக் குளிரவைத்தால் காந்தமாக்கம் குறைந்துகொண்டே வந்து, ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலையில் திரும்பி ஏறுகிறது. ஒவ்வொரு ஸ்பின்னும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணர்கிறது என்று எடுக்கும் எளிய சராசரிப்புலக் கணக்கில் அந்த ஏற்றம் வராது, போசோன் கணக்கில் வருகிறது. செங்குத்து ஒழுங்கை நியூத்திரன் சிதறலில் நேரடியாகவும் கண்டார்கள்.

பழைய சீனர்கள் வர்ணமாகப் பயன்படுத்திய ஹான் ஊதாவும் இதே சாதிதான். அது பேரியம் செப்புச் சிலிக்கேற்று. அதற்குச் சுமார் 23.5 டெஸ்லா வேண்டும்.

நீங்கள் எதிர்பார்த்த குலைவும் உண்டு, இன்னும் மேலே. புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சாய்வு பெருகி, கடைசியில் எல்லா ஸ்பின்னும் புலத்தின் பக்கம் நிமிர்ந்துவிடும். நிக்கலும் தயோயூரியாவும் சேர்ந்த ஒரு பளிங்கில் இரண்டு எல்லையையும் அளந்திருக்கிறார்கள்: மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் சுமார் 2.1 டெஸ்லாவில் ஒழுங்கு தொடங்கி, 12.6 டெஸ்லாவில் முடிகிறது.